விலை போடாத கடை

“வெல போடாதன்னா போடாத!”

“வெல இல்லாம எப்டி அங்கிள் வாங்குவாங்க? இது ஆன்லைன் கட…”

“ஆன்லைனோ இன்னாவோ, ஆளப் பாத்துதாம்மா வெல சொல்லணும். தூக்கு அத!”

சுகிர்தா பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பில் விலைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே மொட்டையடிப்பது போலிருந்தது அவளுக்கு.

காக்களூர் துளசி ஹார்டுவேர்ஸுக்கு இணையத்தில் கடை போட்டுக் கொடுப்பதுதான் அவளுடைய முதல் வேலை. கூடப் படித்த கவிப்பிரியா பெங்களூரில் இருந்தபடி பிடித்துக் கொடுத்தது. “எங்கப்பா கொஞ்சம் ஒரு மாதிரிடி. அவரு சரின்னுட்டா ஏத்திடு. மூஞ்சி சுளிச்சாருன்னா வேற ஆளப் பாத்துக்குவாரு” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

சுகிர்தா இந்தப் பக்கமே வந்தவள் இல்லை. உள்ளே நுழைந்ததும் கல்லா நாற்காலியில் சம்மணம் போட்டிருந்த பெரியவர், “வாம்மா, இன்னா அது, காட்டு” என்றார். காட்டினாள். அப்போது பிடித்த சனி இன்னும் விடவில்லை.

“இது இன்னா நம்பரு?”

“கடை போன் நம்பர் அங்கிள்.”

“ஐயே, எடு! துன்ன உக்காந்தா ஒருத்தன், படுத்தா ஒருத்தன். பேஜாருமா அது.”

நம்பரும் போயிற்று.

“கொயாய் ஏன் இப்டி பளபளங்குது?”

“குழாயத் தொடச்சி வச்சி போட்டோ எடுத்தேன் அங்கிள்.”

“தூசியோட எடும்மா. கடைல எப்டி கீதோ அப்டி. நேர்மன்னு ஒண்ணு கீதுல்ல?”

தூசியோடு எடுத்தாள். நடுவில் ஒரு பல்லி வந்து நின்றது. அதுவும் இருக்கட்டும் என்றார்.

“வழின்னு போட்டுக்கீறியே, அதுல எதுத்த கட ஜெரால்டு ஹார்டுவேர்ஸுன்னு பெருசா போடு. ஊருக்கே தெரிஞ்ச கட. அதுக்கு எதிர்லன்னு கீய பொடியா இந்தக் கட பேரு.”

“போட்டிக் கடைய நாமளே எதுக்கு அங்கிள்…”

“அடையாளம் வோணாமா?”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று சுகிர்தாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கேட்டபடியே போட்டாள். தூசி படிந்த பழுப்பு நிறத்தில், விலையும் இல்லாமல், நம்பரும் இல்லாமல், பல்லியோடு கடை தயாரானது.

“இப்ப ஓகேவா அங்கிள்?”

“ஏ ஒன்! ஏத்து.”

குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு ஏற்றினாள். வேலை நிலைத்துவிட்டது! கவிப்பிரியாவுக்குப் போன் போட்டு அவரிடம் நீட்டினாள்.

“உங்க வாயாலயே ஓகேன்னு சொல்லிடுங்க அங்கிள். உங்க பொண்ணு சந்தோஷப்படுவா.”

பெரியவர் போனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு வெள்ளந்தியாகச் சிரித்தார்.

“எம் பொண்ணா? அது துளசி பொண்ணு. அவன் ஊட்டுக்கு நாஷ்டா துன்னப் போய்க்கிறான்மா, வர்ற வரிக்கும் கடையப் பாத்துக்கன்னான். எதுத்த கடதான் என்னுது. அதுக்கும் ஒண்ணு போட்டுக் குடு, இந்த மாரி இல்லாம, நல்லதா!”