இரண்டு கையிலும் வாட்ச்

வலது கை வாட்ச் அதிர்ந்தது.

அடுத்த நொடி, இடது கை வாட்சும்.

அவர் நின்றார். வ.உ.சி. மைதானத்தில் நாலாவது சுற்று. காலை ஆறரை.

வலது நூற்று நாற்பத்தொன்று என்றது. இடது நூற்று முப்பத்தெட்டு.

இதயத் துடிப்பு.

மட்டமான சரக்கு என்று முனகிவிட்டு மறுபடி நடந்தார்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அவரும் எபனேசரும் சேர்ந்து வாங்கியவை. பதினெட்டு வருஷம் திருநெல்வேலி - திருச்செந்தூர் பஸ்ஸில் அவர் கண்டக்டர், எபனேசர் டிரைவர். ரிட்டயரான மறுநாள் காலையே இருவரும் மைதானத்தில் நின்றார்கள். வேறெங்கே போவது என்று தெரியவில்லை.

எபனேசர் லேசில் கிளம்ப மாட்டார்.

“விசில் கொடும்வே. விசில் இல்லாம வண்டிய எடுத்து எனக்குப் பழக்கம் இல்ல.”

கண்டக்டர் கொடுப்பார். இரண்டு விசில். முன்னால் நடந்து போகும் ஒரு பேங்க் மேனேஜர் திடுக்கிட்டு ஒதுங்குவார். வண்டி கிளம்பும்.

வாட்சில் எடையே கிடையாது. ஒரு சார்ஜ் ஒரு வாரம் வரும். நல்லது அவ்வளவுதான். வியர்த்தால் பட்டைக்கு அடியில் அரிக்கும். குண்டு குழியில் ஸ்கூட்டர் ஓட்டினால் அதையும் நடையில் சேர்த்துக்கொள்ளும். எபனேசர் ஒருநாள் அதைப் பூசணிக்காயில் கட்டிப் பார்த்தார். எழுபத்தாறு காட்டியது.

“உயிரோட இருக்குவே. வெட்டினா கேஸாயிரும்.”

அன்றைக்கு எபனேசர் வீட்டில் வெறும் ரசம்.

பிப்ரவரியில் எபனேசரின் முழங்கால் மடங்க மறுத்தது. வாசலைத் தாண்ட முடியவில்லை.

மகள் பியூலா பெங்களூரில். எபனேசரின் மனைவி இறந்த வருஷமே மகள் கண்டிஷன் போட்டிருந்தாள். தினம் நாலாயிரம் அடி நடந்தால் அப்பா பாளையங்கோட்டையில் இருக்கலாம். குறைந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு வந்துவிட வேண்டும். வாட்சிலிருந்து நடைக்கணக்கும் துடிப்பும் தினமும் அவள் போனுக்குப் போய்விடும்.

ஆகவே மூன்று மாதமாக எபனேசரின் வாட்ச் இவர் வலது கையில் நடக்கிறது.

வலப்பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டே நடக்கிறார். அது எபனேசரின் பக்கம். பஸ்ஸிலும் அப்படித்தான். ஆத்தூர் தாண்டிக் கூட்டம் இறங்கியதும் முன்னால் வந்து என்ஜின் பெட்டி மேல் உட்காருவார். வலப்பக்கம் எபனேசர், ஜன்னலில் வாழைத்தோப்பு, உப்புக்காற்று. இருவரும் பேசவே மாட்டார்கள். அந்த இருபது நிமிஷம் போல வாழ்க்கையில் பிறகு எதுவும் அமையவில்லை.

மூச்சு வாங்கியது. போன் அடித்தது.

பியூலா.

“மாமா, அப்பா பக்கத்துல இருக்காங்களா?”

“முன்னால போறாரும்மா.”

“நிக்கச் சொல்லுங்க. பத்து நாளா நடக்கும்போது அப்பா துடிப்பு நூத்தி நாப்பதுக்குப் போகுது. டாக்டர்ட்ட காட்டினேன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டார். கார்ல கோவில்பட்டி தாண்டிட்டேன். ஆஸ்பத்திரி முடிஞ்சதும் நேரா பெங்களூருதான், இனிமே தனியா விடமாட்டேன்.”

போன் அணைந்தது.

கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி நேரம்.

எபனேசர் வீட்டுக்கு நாலு தெரு. நடுவில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எபனேசர் நாற்காலியில், காலை ஸ்டூல் மேல் நீட்டி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வலது கை வாட்சைக் கழற்றி எபனேசரின் கையில் மாட்டினார்.

எழுபத்திரண்டு.

“பாத்தீரா. ஒண்ணும் பயமில்ல. வாட்ச் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம். மட்டமான சரக்குன்னா அவளும் நம்பிருவா.”

எபனேசர் எழுபத்திரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உம்ம கைய நீட்டும்.”

அவர் இடது கையை வேட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நீட்டும்வே.”

நீட்டினார். வந்து நின்ற பிறகும் நூற்று இருபத்தாறு.

“ரெண்டும் ஒண்ணாவா கெட்டுப்போவும், கண்டக்டரே?”

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“மூச்சு வாங்குதா?”

“கொஞ்சம். வெயிலு.”

“ஆறரை மணிக்கு வெயிலு.”

எபனேசர் பேப்பரை மடித்து வைத்தார். மெதுவாகத்தான் மடித்தார். கண் வீட்டைச் சுற்றி வந்தது. மனைவி குடித்தனம் வந்த நாளில் மாட்டிய நீலத் திரை. புறவாசல் முருங்கை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் கறுப்புச் செருப்பு.

பிறகு போனை எடுத்தார்.

“சொல்லாதேயும் வே. சொன்னா இன்னைக்கே உம்ம கூட்டிட்டுப் போயிருவா.”

“தெரியும்.”

மறுமுனையில் மணி அடித்தது. எபனேசர் இரண்டு விரலால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மக்களே, நான்தான். வேகமா வராதே, கேளு. மூணு மாசமா நடந்தது நான் இல்ல.”

பியூலா வெகுநேரம் பேசினாள். எபனேசர் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். ஒரே ஓரிடத்தில் மட்டும் இல்லை என்றார்.

“இல்ல மக்களே. பெங்களூருக்கு நான் வாரேன், அது பொறவு. மொதல்ல இவரு.”

போனை வைத்தார்.

மணிக்கட்டை விடவில்லை.