விட்டுப்போன இரண்டு பக்கங்கள்

மட்டாஞ்சேரியில் உள்ள அந்தக் கல்லூரி நூலகத்தில், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். தமிழ் நூல்கள் உதவியாளர் சந்தனமாரியின் பொறுப்பு. பள்ளியில் மலையாளமே படித்தவள் என்பதால் தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாள். மிளகுக் கிடங்கு லாரிகளின் இரைச்சல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், நூலகத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்வாள்.

சனிக்கிழமை, அவள் பதிவுகளைக் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவன் விஸ்வநாத் வந்தான். திங்கட்கிழமை அவனுக்குப் பரீட்சை.

“சேச்சி, நீங்க வாசிக்கறச்சே கூட எத்தனை பேர் இருந்தா?”

“ஒருத்தரும் இல்ல தம்பி. நான் மட்டுந்தான்.”

அவன் ஹெட்ஃபோனை நீட்டினான். பதிவில் அவள் குரல் ஒரு பக்கத்தை முடித்தது. தாளைத் திருப்பினாள். அதே கணம் அவளைச் சுற்றி ஆயிரக்கணக்கான தாள்கள் ஒன்றாகத் திரும்பின. ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. ஓரிடத்தில் மட்டும் அந்த ஓசை எழுந்து, தயங்கி, மறுபடியும் எழுந்தது.

“அந்த இடத்துலதான் எனக்கு ஒண்ணும் புரியல்லை,” என்றான் விஸ்வநாத்.

சந்தனமாரி புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பியிருக்கிறாள். எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் விட்டுப்போயிருந்தன.

மறுநாள் தனியாக வந்து, தாழிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பூட்டிய அலமாரிகளுக்குள் தாள்கள் அதே பக்கத்தைத் தேடுவதுபோலச் சரசரவென்று புரண்டன. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. எங்கும் அமைதி.

சந்தனமாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினாள்.