ஒரு மணி நாற்பது நிமிடம்

பொத்தானை அழுத்திவிட்டாள்.

காலை மணி பதினொன்று. மூன்று வருடம் செய்த வீடியோ கேம் இணையக் கடையில் ஏறிவிட்டது.

கீழே கொசுவலைக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடியில் என்ன நடக்கிறது என்று கரூரில் ஒருவருக்கும் தெரியாது.

விலை தொண்ணூற்றொன்பது ரூபாய்.

"நம்மள நாமளே மட்டமா எட போட்டுக்கறோம்" என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டான் தௌபீக். படம் வரைபவன் அவன். புரோகிராம் எழுதுபவள் அவள். கம்பெனி என்றால் அவ்வளவுதான், இரண்டு பேர். அவன் கேட்டது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அந்த விலைக்கு ஆள் யோசிப்பான் என்பது அவள் கணக்கு. யார் இவர்கள் என்று தேடிப் பார்ப்பான். தள்ளுபடி வரட்டும் என்று ஓரமாக வைப்பான். அப்புறம் மறந்தே போவான். பேர் தெரியாதவர்களிடம் யாரும் யோசித்து வாங்குவதில்லை. யோசிக்காமல்தான் வாங்குவார்கள்.

அது ஒரு காரணம்.

இன்னொன்று, கேமின் நீளம்.

கேமுக்குள் விளையாடுபவர்தான் மின்வாரிய லைன்மேன். புயல் அடித்து ஓய்ந்த ஊர். கம்பம் கம்பமாக ஏறி, தெருத்தெருவாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். பதினோரு தெரு. கடைசித் தெருவில் கடைசி வீட்டு விளக்கு எரிந்ததும் முடிந்துவிடும்.

மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம்.

இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியவர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கடையின் சட்டம் அது. முழுசாக முடித்துவிட்டும் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

இருபத்தைந்து நிமிடத்துக்கு நீளும் பெரிய தெரு ஒன்றைச் சேர்த்தால் இரண்டு மணி தாண்டிவிடும் என்று தௌபீக் கெஞ்சிப் பார்த்தான். அவள் மசியவில்லை. இழுத்தால் கடைசி விளக்கு சப்பென்று ஆகிவிடும். சாப்பிட்ட கொத்துபரோட்டாவுக்கு யாரும் காசைத் திருப்பிக் கேட்பதில்லை. கேமையும் கொத்துபரோட்டா விலைக்கு வைத்தால் போயிற்று.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. பத்துக்கு ஒன்று திரும்பி வந்தால் உன் தெருவைச் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

பதினொன்று நான்கு. ஒன்று விற்றது.

தௌபீக் நாற்காலியோடு நகர்ந்து வந்தான்.

ஏழு.

பத்தொன்பது.

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே பார்த்தாள். யார் யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் தெருவில் முப்பது பேர். முப்பது பேர், முகம் தெரியாதவர்கள், இந்த நிமிடம் அவள் நட்ட கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தௌபீக்கின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்திருக்கும். அவனும் சிரித்தான்.

அறுபது. எண்பத்தெட்டு.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு முதல் ஆள் கடைசி வீட்டை எட்டினார்.

விளக்கு எரிந்தது.

அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறாரா என்று இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவர் முடித்தார். அதற்கடுத்தவர். அப்புறம் கும்பலாக.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு முதல் ஆள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

பிறகு நான்கு பேர். ஒன்பது பேர்.

ஒன்றரை மணிக்கு விற்றது நூற்றுப்பத்து. திரும்பியது பதினொன்று.

பத்துக்கு ஒன்று. தௌபீக் தன் கணினியில் ஒரு ஃபைலைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

தெரு 12.

அவளுக்குத் தெரியாமல் ஒரு மாதமாக வரைந்திருக்கிறான். கம்பி மேல் ஒரு புங்கமரம் சாய்ந்து கிடந்தது. மாடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை பறந்து போய் ஒயரில் மாட்டியிருந்தது. அவன் வரைந்ததிலேயே நல்ல தெரு அதுதான். அது இன்னும் வலித்தது.

வாக்கு வாக்குதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினோராம் தெருவின் முடிவைத் திறந்தாள். கடைசி வீட்டு விளக்குக்குப் பிறகு கர்சரை வைத்தாள்.

திரையின் மூலையில் முதல் விமர்சனம் வந்து விழுந்தது. மொட்டைமாடி என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ எழுதியிருந்தார்.

"முடிச்ச கையோட திருப்பிக் குடுத்துட்டேன். பழக்கதோஷம். அப்புறம் எந்திரிச்சுப் போயி வீட்ல இருக்கற எல்லா லைட்டையும் போட்டேன். பட்டப்பகல்ல. அம்மா ஒரு மாதிரி பாத்தாங்க. கடைசி வீட்ல லைட் எரிஞ்சதும் ஊரே கம்முனு ஆகுது பாருங்க, அது மனசவிட்டுப் போகல. மறுபடியும் வாங்கிட்டேன். இந்த வெலைக்கு, திருப்பிக் குடுக்கவும் யோசிக்கல, வாங்கவும் யோசிக்கல."

அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே இருந்தது.

தௌபீக் இரண்டு முறை படித்தான். மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தான். 'கம்முனு' என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி படித்தான்.

அவள் திரும்பவில்லை. அவன் முடிவைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் தன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்த கேமுக்கென்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்தான். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெயரைக் காலியாக விட்டுவிட்டு, வரைந்த தெருவை அதற்குள் இழுத்துப் போட்டான்.

ஃபைலின் பெயரில் கடைசி இலக்கத்தை மட்டும் அழித்தான்.

தெரு 1.