நசுங்கிய நெப்டியூன்

நெப்டியூன் மேல் உட்கார்ந்தது நான்தான். வாத்தியார் நாற்காலியில் ஒரு கிரகம் காய்ந்துகொண்டிருப்பதைக் கவனிக்காமல், எண்பத்தாறு கிலோவையும் மொத்தமாக இறக்கிவிட்டேன். எழுந்தபோது பேன்ட்டின் பின்பக்கம் முழுக்க நீலம். மூன்றாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். ஆள் அவ்வளவு சின்னது என்பதால் நான் அவளுக்கு வைத்த பெயர் தீப்பெட்டி. காகிதக்கூழைப் பிசைந்து அந்த உருண்டையைச் செய்தவளும் அவள்தான்.

மதியம் பெற்றோர் முன்னால் எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கிரகத்தோடு சூரியனைச் சுற்ற வேண்டும். வளையம் போட்ட சனியை, அதைச் செய்த பையனிடம் கெஞ்சி வாங்கி அவளிடம் நீட்டினேன். வேண்டாமாம். நெப்டியூன்தான் வேண்டுமாம். கடைசிக் கோடியில் கிடக்கிற கிரகம், யார் கண்ணிலும் படாது என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

அந்தக் கிரகத்தை வைத்துப் போன வாரம்தான் ஒரு ஜோக் அடித்திருந்தேன். அது சூரியனை ஒரு தடவை சுற்றி வர நம் கணக்கில் நூற்று அறுபத்தைந்து வருஷம். அதுதான் அங்கே ஒரு வருஷம். அங்கே பிறந்தால் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட ஆளே மிஞ்சாது என்றேன். எல்லோரும் சிரிக்க, இவள் மட்டும் அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, நிஜமாவா சார் என்று இரண்டு தடவை கேட்டாள். இவளிடம் ஜோக் எடுபடவில்லையே என்று எனக்கு வருத்தம்.

தப்பு என்னுடையது. பசையும் பழைய பேப்பரும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், இந்தத் தடவை பார்த்து. ஒட்டி, அமுக்கி, நீலம் பூசினோம். வந்தது உருண்டை இல்லை, உருளைக்கிழங்கு. அவளுக்கு அதுவே போதுமாம்.

"சாயந்தரம் டாக்டர்கிட்ட காட்டணும் சார்."

"ஏம்மா, நான் உக்காந்ததுல அதுக்கு இடுப்பு ஒடஞ்சு போச்சா?"

அவள் சிரிக்கவில்லை. ஈரம் காய ஊதிக்கொண்டே இருந்தாள்.

"எந்த டாக்டரும்மா?"

"அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம்தான்னு அப்பாகிட்ட சொன்னாரே, அவருதான். எந்தக் கிரகத்து வருஷம்னு அவரு சொல்லவே இல்ல சார்."