நாய்க்கு லைட்ஸ்

இங்கிலீஷில் ‘லைட்’ என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விளக்கு என்பீர்கள். வெளிச்சம் என்பீர்கள். இன்னும் கொஞ்சம் யோசித்தால் கனமில்லாதது என்பீர்கள். இந்த லங்காஷயர் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அதனால்தான் கிளிஃப் ஹார்கிரீவ்ஸின் கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஜன்னலில் தொங்கிய பலகையைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

‘லைட்ஸ். நாய்களுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை இலவசம்.’

“நாய்க்கு எதுக்குங்க லைட்டு? படிக்கவா?”

கிளிஃப் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நுரையீரல், கண்ணு. கறிக்கடைக்காரன் பாஷையில அதுக்கு லைட்ஸ்னு பேரு.”

ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. ஈரல் துண்டு ஒன்றைப் போட்டார். முங்கிப் போனது.

“பாத்தியா? உள்ள இருக்கறதுலயே கனமில்லாதது இதுதான். அதான் அந்தப் பேரு.”

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. இலவசப் பொட்டலங்களைக் காலையிலேயே கிளிஃப் தன் கையால் கட்டி வைத்துவிடுவார். எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை.

முதல் ஆளாக வின்னி பிக்கப் என்ற அம்மாள் வந்தார். வெளியே கம்பத்தில் கட்டியிருந்த அவருடைய கிழட்டு டெரியர் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. தலையணை மாதிரிப் பெரிய பொட்டலம். இரண்டு விரலால் தூக்கிக் கொடுத்தேன்.

வாங்கியவர் நகரவில்லை. மேஜை மேல் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“ஷீலா பர்ட்வெல் வந்தாளா?”

“இன்னும் இல்லைங்க.”

“வருவா. ஒரு வெள்ளிக்கிழமை விடமாட்டா. நாய்க்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போவா. அவளுக்கு அடுத்த வீடு நானு. நாயும் கெடையாது, நாய் வாலும் கெடையாது.”

“அப்புறம் எதுக்கு வாங்கறாங்க?”

“இனாம்னா சில பேருக்குக் கை சும்மா இருக்காது. கிளிஃப் கேக்க மாட்டான். நீயாவது கேளு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்து பாதி தெரியாவிட்டால் சோறு இறங்காது. இல்லாத நாயின் பேரில் எதற்கு ஒரு பொய்?

பத்து மணிக்கு ஷீலா வந்தாள். பச்சைக் கோட்டு, கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். வசந்தத்தில் பஞ்சாலையை மூடியதிலிருந்து அவள் புருஷனுக்கு வேலை இல்லை. மூன்று பிள்ளைகள்.

“நாய்க்குக் கொஞ்சம் லைட்ஸ் இருக்குங்களா, மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ்?”

நான் முந்திக்கொண்டேன்.

“உங்க நாய் பேர் என்னங்க?” சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

பையைத் திறக்கப் போன அவள் கை அப்படியே நின்றது.

“பேரா…”

காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. வாசல் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கு வேணாம், பரவால்ல. போன வாரத்து மிச்சமே இருக்கு.”

“பட்டன்” என்றார் கிளிஃப், எலும்பு வெட்டிக்கொண்டே, நிமிராமல். “போன மாசம் சொன்னியேம்மா. இடது காது மட்டும் கறுப்புன்னு. நான் மறக்கற ஆளா?”

ஷீலா அவரையே பார்த்தாள்.

“ஆமா” என்றாள் மெதுவாக. “பட்டன்தான்.”

“அப்ப அது ஏன் பட்டினி கெடக்கணும்? கண்ணு, உள் அலமாரியில கயிறு கட்டின பொட்டலம் இருக்கு பாரு. எடுத்துட்டு வா.”

போனேன். வின்னியுடையதில் பாதி கூட இல்லை. இரண்டு விரலைக் கயிற்றுக்குள் விட்டுத் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். நீட்டும்போது மணிக்கட்டு தொய்ந்தது.

ஷீலா சட்டென்று வாங்கிப் பைக்குள் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கதவு மணி அடித்தது. போய்விட்டாள்.

“ஏங்க, லைட்ஸ் இவ்வளவு கனமா இருக்குமா?”

கிளிஃப் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஈரல் இருக்கு. தொடைக்கறி கொஞ்சம். போன வாரம் சாசேஜ் வெச்சேன்.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“வீட்டுல போய்ப் பிரிச்சா தெரியாம இருக்குமா? அவளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.”

“நேராவே குடுத்துடலாமே.”

“வாங்க மாட்டா. ரெண்டு தடவை குடுத்துப் பாத்துட்டேன். பிள்ளைங்களுக்குக் கறி குடுங்கன்னு அவ வாயில வராது. நாய்க்குன்னா கேக்கலாம், அதுல வெட்கம் இல்ல பாரு. பஞ்சாலைய மூடுன வாரம்தான் அந்தப் பலகைய எழுதி மாட்டினேன். வின்னியோட நாய்க்கு அதுல ஒரு யோகம்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“இனிமே வராம போயிடுவாங்களா?”

“வருவா. வரணும்.” ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். பச்சைக் கோட்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

“அடுத்த வெள்ளிக்கிழமை கடையில நாலு பேர் நிப்பாங்க. நீதான் எடுத்துக் குடுக்கணும். எனக்காக ஒண்ணே ஒண்ணு செய், கண்ணு. அவகிட்ட குடுக்கறப்ப, கனமே இல்லாத மாதிரி தூக்கிக் குடு.”