பதிவில் ஏறிய கோப்பு

சாரங்கா கிளிநொச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தாள். திங்கட்கிழமை, தாங்கள் எழுதும் நிரல்களுக்கு நடுவே தன் பெயரில் ஒரு கோப்பைக் கண்டாள். ‘அக்கராயன் பஸ்ஸில் அழுதாள்’ என்று அதில் இருந்தது. அவள் அழுததை யாரும் பார்த்திருக்கவில்லை. நிரல்களில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் கவனிக்க வேண்டாத கோப்புகளின் பட்டியலில் அதைச் சேர்த்தாள். செவ்வாயன்று இன்னொரு வரி வந்திருந்தது: ‘இன்று அழவில்லை.’

பட்டியலில் சேர்த்தும் கிட் ஏன் அதை விடவில்லை என்று பக்கத்துக் கதிரையில் இருந்த சிவகரனிடம் கேட்டாள்.

“அந்தப் பட்டியல் புதுக் கோப்புகளுக்குத்தான், அக்கா. முதலே பதிவில ஏறினதைக் கிட் விடாமப் பாத்துக்கொண்டுதான் இருக்கும். பதிவில இருந்து எடுத்துவிடுங்கோ.”

“இது எப்ப ஏறினது?”

அவன் திறந்து பார்த்தான். “இரண்டாயிரத்து ஒன்பது, மே. நாங்கள் இந்த வேலையைப் போன வருசம்தானே தொடங்கினனாங்கள்?”

போர் முடிந்த அந்த மாதம்தான் அகதி முகாம் வாசலில் அவளுடைய பெயரைப் பதிந்தார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கோப்பைப் பதிவிலிருந்து எடுத்தாள், அழித்தும் விட்டாள். நெஞ்சு சற்று ஆறியது. மறுபடி பார்த்தபோது கோப்பு திரும்பி வந்திருந்தது. கடைசி வரி புதியது: ‘கோப்பை அழித்தாள். இனிக் கதவைத் திறக்கப் பார்ப்பாள்.’

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை.