கட்டிலுக்கடியில் பேட்டரி

வேனின் பின்கதவு வழியாகப் பகல் வெயில் உள்ளே கட்டில்வரை நீள்கிறது. கட்டிலுக்கடியிலிருந்து செத்துப்போன பழைய பேட்டரியை இழுத்து வெளியே வைக்கிறான் எலக்ட்ரீஷியன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் வேன் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு தரும் மெஷின் இப்போதைக்குப் பட்டறைக் கரண்டில் கரகரத்துக்கொண்டிருக்கிறது; வேன் கிளம்பினால் அதற்குப் பேட்டரிதான். வேனிலேயே ஊர் ஊராகச் சுற்றவேண்டும் என்பது அவளுடைய ஆசை. "லித்தியம் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல சார். பாத்து வச்சுக்கிட்டா பதினஞ்சுகூட வரும். சாதா பேட்டரி ரெண்டு வருஷம், அதோட சரி," என்கிறான். பக்கத்தில் நிற்கும் அவள் புருஷன் திரும்பி அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கிறார், கத்தரிக்காயில் சொத்தை தேடுகிறவர் மாதிரி. "ரெண்டு வருஷம் தாராளம்ப்பா. சாதாவே போடு." எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே இறுகியிருக்கும் திருகை மறுபடி முடுக்குகிறான். அவள் சிரிக்கிறாள்; சிரிப்பு பாதியிலேயே இருமலாகிறது. "லித்தியமே போடுங்க தம்பி. எனக்கப்புறம் வர்றவளுக்கும் ஆகும்ல?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்ட திருப்தி அவளுக்கு. அவர் தாடையைச் சொறிகிறார். வேனுக்குள் எட்டி, கட்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்க்கிறார். "அதுவும் சரிதான்," என்கிறார். "லித்தியமே போட்டுடுப்பா."